கப்பல் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு பகல் நிற்கிறது, பிரமிடு போய் வரலாமா?

கேள்வி இது: ஏதென்ஸ் பக்கத்தில் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறீர்கள். கிரேக்கத் தீவுகள் சில, அப்புறம் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா, திரும்பவும் கிரீஸ். அலெக்சாண்ட்ரியாவில் காலை 7 மணிக்கு வந்து இரவு 8 மணிக்குக் கிளம்புகிறது. அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவருக்கும் பிரமிடைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கப்பல் கம்பெனியே நடத்தும் டூரில் போவதா, பாதி விலைக்கு வெளியே கிடைக்கும் காரில் போவதா, இல்லை பேசாமல் அலெக்சாண்ட்ரியாவையே சுற்றிப் பார்ப்பதா?

போய் வரலாம். நம் ஊர்க் குழுக்களை இந்த மாதிரிக் கப்பல்களில் அழைத்துப் போகிற வேலை என்னுடையது. எழுபது வயதுக்காரர்கள் தாராளமாகப் போய் வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு நாளில் உங்களிடம் குறைவாக இருப்பது பணம் அல்ல, நேரம். அதை முதலில் கணக்குப் போடுங்கள், மற்ற முடிவெல்லாம் தானாக வரும்.

கப்பலைக் கட்டி, அதிகாரிகள் ஏறி அனுமதி கொடுத்து, கூட்டம் இறங்கி பஸ்ஸில் உட்காரவே 8 மணி ஆகும். அங்கிருந்து கெய்ரோ 220 கிலோமீட்டர் சொச்சம். பாலைவனச் சாலை நன்றாகவே இருக்கும், இருந்தாலும் நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினால், கெய்ரோ ஓரத்தில் பிரமிடுகள் இருக்கும் கீசாவை அடைய 3 மணி நேரம். ஆக 11 மணி. இரவு 8 மணிக்குக் கிளம்பும் கப்பலில் பயணிகள் 7, 7:30-க்குள் ஏறியிருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். சாயங்கால நெரிசலையும் சேர்த்தால் பிற்பகல் 3:30-க்கு மேல் கீசாவில் நிற்பது நல்லதில்லை. கையில் மிஞ்சுவது நாலரை மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். மூன்றரை மணி நேரத்துக்காக ஆறு மணி நேரப் பிரயாணம். அதற்கு அது தகுமா என்றால், என்னைக் கேட்டால் தகும், ஒரு நிபந்தனையோடு: அந்த மூன்றரை மணி நேரத்தை நாலு இடத்துக்குப் பங்கு போடக் கூடாது.

கப்பல் கம்பெனியின் பட்டியலில் கெய்ரோவுக்கு ஒரு டூர் மட்டும் இருக்காது. "பிரமிடு, தஹ்ரீர் அருங்காட்சியகம், நைல் படகில் மதிய உணவு, கான் எல் கலீலி கடைவீதி" என்று நாலையும் ஒரே நாளில் காட்டுவதாக ஒன்று இருக்கும். பார்த்தால் காசுக்கு நிறையக் கிடைப்பது போலத்தான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். அலெக்சாண்ட்ரியா சாலை கெய்ரோவின் மேற்கு ஓரத்தில், பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே வந்து சேர்கிறது. பிரமிடோடு நின்றால் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். தஹ்ரீர் சதுக்கமும் கான் எல் கலீலியும் நைல் நதிக்கு அந்தப் பக்கம். போக ஒரு மணி, வர ஒரு மணி நெரிசலில் கரைந்துவிடும். கடைசியில் பிரமிடு முன்னால் நாற்பது நிமிஷம் நிறுத்தி, போட்டோ எடுத்தாச்சா, ஏறுங்கள் என்பார்கள். திருப்பதியில் "ஜருகண்டி" கேட்டுப் பழகிய நமக்கு அது புதிதில்லை, ஆனால் அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

இரண்டாவதாக ஒரு இடம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அது பெரிய எகிப்திய அருங்காட்சியகமாக இருக்கட்டும். 2025 நவம்பர் 1-இல் முறைப்படி திறந்தார்கள். பிரமிடுகளிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான், அதே சாலையில். பழைய எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை முதல் முறையாக ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். முழுவதும் பார்க்க இரண்டு நாள் போதாது. ஆனால் உள்ளே ஏசி, நகரும் படிக்கட்டு, சக்கர நாற்காலி எல்லாம் உண்டு. அம்மாவுக்கு வெயிலிலிருந்து தப்பிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. நுழைந்ததும் 11 மீட்டர் உயரத்தில் இரண்டாம் ராம்செஸ் மன்னர் சிலையாக நிற்பார். அவரைப் பார்த்துவிட்டு, துட்டன்காமன் கூடத்துக்கு மட்டும் போய்த் திரும்புங்கள். ஒன்றேகால் மணி நேரம் போதும். மற்றவற்றை எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் கதை கெட்டது.

இனி கப்பல் டூரா, வெளியே எடுக்கும் காரா. இதில் என் கருத்து ஊருக்கு ஊர் மாறும். துருக்கியில் குஷாதாசியில் இறங்கி எபேசஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்க வேண்டுமா, இருபது கிலோமீட்டர்கூட இருக்காது, தாராளமாகத் தனிக் கார் எடுங்கள். பிரேயஸிலிருந்து அக்ரோபோலிஸ் போக மெட்ரோவே உண்டு. அலெக்சாண்ட்ரியாவிலிருந்து கெய்ரோ அப்படி இல்லை. 220 கிலோமீட்டருக்கு அப்பால் டயர் வெடித்தாலோ, லாரி கவிழ்ந்து சாலை அடைத்தாலோ, கப்பல் தன் டூர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும். உங்கள் காருக்காகக் காத்திருக்காது. துறைமுகத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கட்டணம், அடுத்த துறைமுகத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். கேப்டனுக்கு வேறு வழியில்லை.

வெளி ஏஜென்ட்டுகளும் "கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்போம்" என்று உத்தரவாதம் தருகிறார்கள். அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அது சரி. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு நினைத்த மாத்திரத்தில் விமானம் ஏறி ஏதோ ஒரு நாட்டில் இறங்கிவிட முடியாது. பாஸ்போர்ட்டே பல நேரம் கப்பல் ஆபீஸில் இருக்கும். வயதான இருவரை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை வேண்டாம். பாதி விலை என்பது உண்மைதான். ஏழெட்டுப் பேர் ஒரு வேன் எடுத்தால் இன்னும் மலிவு. நாற்பது பேர் கழிப்பறை வரிசை முடித்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன், கெய்ரோவுக்கு மட்டும் கப்பல் டூர்.

ஒரு சின்ன விஷயம், கப்பல் நேரம். கிரீஸில் மார்ச் கடைசி ஞாயிறன்றே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். எகிப்தில் அது ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமைதான். ஏப்ரலில் போனால் பெரும்பாலான நாட்கள் இரண்டு நாட்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். கப்பல் எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்பதை முந்தின நாள் இரவு அறைக்கு வரும் தினத்தாளில் பாருங்கள். கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். அதை நம்பாமல் பழைய கைக்கடிகாரம் ஒன்றை அப்பா கையில் கட்டிவிட்டால் நல்லது.

கீசாவுக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2025-இல் ஃபயூம் சாலைப் பக்கம் புதிய நுழைவாயில் திறந்து, உள்ளே மின்சார பஸ்கள் விட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் ஒட்டகம், குதிரை வண்டி, டூர் பஸ், கார் எல்லாம் ஒரே சாலையில் முட்டிக்கொண்டு நிற்கும். இப்போது நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறி இறங்கலாம். அம்மா நடக்க முடிந்தவரை நடந்துவிட்டு, முடியாத இடத்தில் பஸ்ஸிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். டிக்கெட் கவுன்ட்டரில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான். டூரில் போனால் அந்தத் தொல்லையும் இல்லை. சக்கர நாற்காலியைக் கப்பலிலிருந்து தூக்கிக்கொண்டு வராதீர்கள். மணலும் மேடுபள்ளமான சுண்ணாம்புப் பாறையுமாக இருக்கும் தரையில் அது பெரும்பாலும் உருளாது.

முதலில் பெரிய பிரமிடு, கூஃபு மன்னனுடையது. கி.மு. 2560 வாக்கில் முடிந்தது. அடியில் ஒரு பக்கம் 230 மீட்டர். கட்டி முடித்தபோது உயரம் சுமார் 146 மீட்டர், இப்போது 138. உச்சி போனதோடு, மேலே போர்த்தியிருந்த வழவழப்பான வெள்ளைக் கல்லும் போய்விட்டது. 1303-இல் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு கழன்ற கற்களை கெய்ரோவில் மசூதியும் கோட்டையும் கட்ட எடுத்துக்கொண்டார்கள். நாம் இன்று பார்க்கும் படிப்படியான முரட்டுக் கற்கள் உள்ளே மறைந்திருந்தவை. ஆனால் அந்த வெள்ளைக் கல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வடக்குப் பக்கம் அடிவாரத்தில் தேடுங்கள். இரண்டு கல் சேரும் இடத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள், தாள் நுழைய இடமிருக்காது. பெரும்பாலான கூட்டம் நேரே நுழைவாயில் பக்கம் மேலே ஏறிப் போட்டோ எடுத்துவிட்டு, இதைப் பார்க்காமலே போய்விடும். கிழக்குப் பக்கம் வந்தால் தரையில் பசால்ட் என்ற கறுப்பு எரிமலைக் கல் பாளங்கள் பரவிக் கிடக்கும். மன்னனின் ஈமக் கோயிலில் எஞ்சியது அந்தத் தளம்தான்.

உள்ளே போக வேண்டுமா? தனி டிக்கெட். நுழைகிற வழியே 9-ஆம் நூற்றாண்டில் கலீஃபா அல் மாமூன் ஆட்கள் குடைந்ததாகச் சொல்லப்படும் சுரங்கம். அப்புறம் நாலடி உயரம்தான் உள்ள ஏறுவழியில் நாற்பது மீட்டர் குனிந்தபடியே ஏற வேண்டும், எதிரே இறங்கி வருகிறவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டு. காற்றோட்டம் குறைவு, வியர்த்துக் கொட்டும். மேலே சிவப்பு கிரானைட் அறை, மூடியில்லாத ஒரு கல்பெட்டி. ஓவியம், எழுத்து எதுவும் கிடையாது. கட்டட வேலையில் இருப்பவர்களுக்கு அந்த அறைக்கு முன்னால் எட்டரை மீட்டர் உயரத்துக்குக் குறுகிக்கொண்டே போகும் பெரிய கூடம் ஒன்றே போதும், போகச் சொல்வேன். அம்மா வேண்டவே வேண்டாம். நீங்களும் அன்றைக்கு வேண்டாம், முக்கால் மணி நேரம் போய்விடும்.

எதிரே காஃப்ரா மன்னனின் பிரமிடு பெரியதுபோலத் தெரியும். உயரமான பாறையில் நிற்கிறது, அவ்வளவுதான். அதன் உச்சியில் மட்டும் அந்த மேல்போர்வை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது, மென்கௌரே மன்னனுடையது, சின்னது. அதன் வடக்கு முகத்தில் பெரிய வெட்டுக்காயம் தெரியும். எகிப்தை ஆண்ட சுல்தான் சலாதீனின் மகன் அல் அஸீஸ் உஸ்மான் 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரமிடுகளை இடிக்க ஆள் வைத்து, எட்டு மாதம் போராடிவிட்டுக் கைவிட்ட இடம். கட்டுவதைப் போலவே இடிப்பதும் செலவு பிடித்த வேலை என்று தெரிந்துகொண்டார்.

நேரம் குறைவாக இருந்தால் மூன்றாவது பிரமிடை பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டு, சிங்க உடம்பும் மனிதத் தலையுமாக இருக்கும் ஸ்பிங்க்ஸ் பக்கம் இறங்குங்கள். அங்கே எல்லாரும் ஸ்பிங்க்ஸைப் பார்த்தபடி ஓடுவார்கள். வழியில் இருக்கும் காஃப்ராவின் பள்ளத்தாக்குக் கோயிலில் பத்து நிமிஷம் நில்லுங்கள். கீசா முழுவதிலும் எனக்குப் பிடித்த இடம் அது. அஸ்வானிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர் படகில் வந்த சிவப்பு கிரானைட் தூண்கள், ஒரு கோடு, ஒரு சித்திரம் இல்லாமல் மொட்டையாக நிற்கும். சுவர் திரும்புகிற மூலைகளைப் பாருங்கள். இரண்டு கல்லை அங்கே சேர்க்கவில்லை. ஒரே கல்லைக் குடைந்து மூலையைத் தாண்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள். எதற்காக அவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள், அவர் காலத்து மனிதர்கள் இதையெல்லாம் தடவிப் பார்த்து ஒரு காரணம் சொல்வார்கள்.

ஸ்பிங்க்ஸ் தனியாகக் கொண்டுவந்து வைத்த சிலை இல்லை, அங்கிருந்த பாறையிலேயே செதுக்கியது. 73 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம். தலை இருக்கும் பாறை அடுக்கு கெட்டியானது, உடம்பு இருக்கும் அடுக்குகள் மெதுவானவை. அதனால்தான் முகம் ஓரளவு தப்பி, உடம்பு வரிவரியாகத் தேய்ந்திருக்கிறது. மூக்கை நெப்போலியன் படை பீரங்கியால் உடைத்தது என்று கைடு சொன்னால் தலையாட்டிவிடுங்கள். நெப்போலியன் வந்தது 1798-இல். நோர்டன் என்ற டேனிஷ் பயணி 1737-இல் வரைந்த படத்திலேயே மூக்கு கிடையாது. முன்னங்கால்களுக்கு நடுவில் நிற்கும் பலகைக் கல் நான்காம் துட்மோஸ் மன்னர் வைத்தது: மணலில் புதைந்திருந்த என்னைத் தோண்டி எடுத்தால் உன்னை அரசனாக்குகிறேன் என்று ஸ்பிங்க்ஸ் கனவில் வந்து சொன்னதாம். அவர் காலத்துக்கே ஸ்பிங்க்ஸ் ஆயிரத்து நூறு வருஷப் பழசு.

இன்னொன்று, அடிமைகளைச் சவுக்கால் அடித்துக் கட்டினார்கள் என்ற கதையையும் சில கைடுகள் இன்னும் விடுவதில்லை. 1990-இல் அங்கே ஒரு குதிரை மண்சுவர் ஒன்றில் இடறியது. தோண்டிப் பார்த்தால் கட்டியவர்களின் கல்லறைகள். மன்னனின் பிரமிடுக்குப் பக்கத்திலேயே, மறு உலகத்துக்கான ரொட்டியும் பீரும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அடிமைக்கு அந்த மரியாதை யார் செய்வார்கள்? 2013-இல் செங்கடல் கரையில் வாடி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் கிடைத்த பாபிரஸ் (நாணலில் செய்த பழங்காலத் தாள்) சுருள்கள் இன்னும் சுவையானவை. மெரெர் என்ற அதிகாரி, நாற்பது பேர் கொண்ட தன் படகுக் குழுவின் அன்றாடக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். நைலுக்கு அக்கரையில் தூரா குவாரியில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் ஏற்றி, வாய்க்கால் வழியாகக் கீசாவுக்கு வருவார்கள். பத்து நாளில் இரண்டு மூன்று நடை. வடக்குப் பக்கம் நீங்கள் தொட்டுப் பார்க்கப் போகும் அந்த மேல்போர்வைக் கல் இப்படி வந்ததுதான். உலகத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் எழுத்துள்ள பாபிரஸ்களில் இவைதான் மிகப் பழையவை.

ஒட்டகக்காரர்கள்: ஏறுவதற்கு ஒரு விலை, இறங்குவதற்கு ஒரு விலை. சும்மா போட்டோவுக்கு நில்லுங்கள் என்று கயிற்றைக் கையில் கொடுப்பார்கள், பரிசு என்று தலையில் துணி கட்டுவார்கள், அப்புறம் காசு கேட்பார்கள். "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடக்க வேண்டும். நின்று விளக்கம் சொன்னால் முடிந்தது. அப்பா ஆசைப்பட்டால் கைடு மூலம் விலை பேசி, இறங்கிய பிறகுதான் காசு என்று தீர்த்துக்கொண்டு ஏறட்டும். ஒட்டகம் எழும்போது பின்னங்கால் முதலில் எழும், முன்னால் தூக்கி எறிவதுபோல இருக்கும். இடுப்பு வலி இருந்தால் வேண்டாம்.

டூரில் பாபிரஸ் கடை, அத்தர் கடை என்று ஒரு நிறுத்தம் இருக்கும். கமிஷன் உண்டு, யாரும் மறைப்பதில்லை. சில டூர்களில் கடை கிடையாது, பதிவு செய்யும்போதே விவரத்தைப் படியுங்கள். சாப்பாடு ஓட்டலில் பஃபே. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கோஷரி கிடைத்தால் விடாதீர்கள். சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை கலந்து, தக்காளிக் குழம்பு ஊற்றி, மேலே வறுத்த வெங்காயம் தூவித் தருவார்கள். தமிழ் நாக்குக்கு நன்றாகப் பிடிக்கும்.

அன்று காலை அம்மாவுக்கு வலி கூடிவிட்டால்? ஆறு மணி நேர பஸ்ஸில் வற்புறுத்தி ஏற்றாதீர்கள். அலெக்சாண்ட்ரியாவில் டாக்சி பிடித்துச் சுற்றலாம், இங்கே தனிக் காருக்கு நான் தடை சொல்ல மாட்டேன். உலக அதிசயங்களில் ஒன்றான கலங்கரை விளக்கம் நின்ற இடத்தில் 15-ஆம் நூற்றாண்டில் சுல்தான் காய்த்பே கட்டிய கோட்டை இருக்கிறது. 2002-இல் திறந்த புதிய நூலகம் கடற்கரையிலேயே. ரோமத் தளபதி பாம்பேயின் தூண் என்று பெயர் பெற்றது உண்மையில் ரோமச் சக்கரவர்த்தி டயோக்லீஷியனுக்காக நிறுத்தியது, 27 மீட்டர் உயரம். கோம் எல் ஷுகாஃபா பாதாளக் கல்லறைகள் அருமையானவை, ஆனால் சுழல் படியில் இறங்க வேண்டும், அம்மாவுக்கு ஆகாது. நமக்கு இந்த ஊர் அந்நியம் இல்லை. சேரநாட்டுப் பழைய துறைமுகமான முசிறியில் ஏற்றிய சரக்கு செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகத்திலும் நைல் படகிலும் அலெக்சாண்ட்ரியாவுக்கு வந்து, அங்கே நாலில் ஒரு பங்கு வரி கட்டியது. 2-ஆம் நூற்றாண்டின் அந்த ஒப்பந்தப் பாபிரஸ் இன்று வியன்னாவில் இருக்கிறது. செங்கடல் துறைமுகங்களான பெரனீகேயிலும் குசேர் அல் கதீமிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளே கிடைத்திருக்கின்றன.

கடைசியாக, நீங்கள் கேட்காதது, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. கிரீஸிலிருந்து எகிப்து போய்த் திரும்ப கிரீஸ் வருகிறீர்கள். அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா போதாது, பலமுறை நுழையும் விசா வேண்டும். விண்ணப்பத்தில் கப்பலின் முழுப் பயணத் திட்டத்தையும் இணையுங்கள். எகிப்து விசாவும் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே எடுக்க வேண்டுமா, கப்பல் டூரில் போனால் கம்பெனி ஏற்பாடு செய்யுமா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னதை நம்பி வந்து, துறைமுகக் கதவருகே கப்பலைவிட்டு இறங்க முடியாமல் நின்றவர்கள் என் குழுவிலேயே உண்டு. அந்த பதில் வந்த பிறகு டூருக்குப் பணம் கட்டுங்கள்.